கடல் பாதி சமைத்துக் கொடுத்த மீன்

ஆட்டுக்கறி குக்கரில் ஆறு விசில் கேட்கும். முற்றின ஆடாக இருந்துவிட்டால் அதற்குப் பிறகும் பல்லுக்கு வேலை வைக்கும். மத்திக் குழம்போ, மீனைப் போட்டு ஒரு கொதி வந்து ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிடலாம். அதற்கு மேல் கரண்டியை விட்டுக் கிண்டினால் சட்டியில் முள் தனி, சதை தனி. இரண்டுமே தசைதான். எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்பதும் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம், இன்னொன்றுக்குப் பத்து நிமிடம் என்று யார் பிரித்துக் கொடுத்தது?

கடல்தான்.

தரையில் வாழும் விலங்கு நாள் முழுக்கத் தன் எடையைத் தானே சுமக்கிறது. நிற்பது, நடப்பது, மேடு ஏறுவது எல்லாமே பூமியின் இழுப்போடு போராட்டம். அதற்காக அதன் தசை நார்களைக் கற்றை கற்றையாகக் கட்டி, ஒவ்வொரு கற்றையையும் கொலாஜன் என்ற புரத உறைக்குள் செருகி வைத்திருக்கிறது உடம்பு. மெல்லும்போது அறுபடாமல் இழுபடுவது இந்த உறைதான். மீனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. வாலை ஆட்டி முன்னே போவதுதான் தசையின் வேலை. அதனால் மீன் சதையில் உள்ள கொலாஜன், ஆடு மாடுகளின் சதையில் உள்ளதில் ஒரு சிறு பங்குதான்.

இருக்கிற கொஞ்சமும் வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கிறது. மீனின் தசை தலையிலிருந்து வால்வரை ஒரே நீளமாக ஓடுவதில்லை. தோலை உரித்துப் பக்கவாட்டில் பார்த்தால், டபிள்யூ எழுத்து வடிவில் மடிந்த அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்பது தெரியும். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே மெல்லிய கொலாஜன் சவ்வு. வெந்த மீனை விரலால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிகிறதே, ஒவ்வொரு இதழும் அப்படி ஓர் அடுக்கு. சவ்வு உருகிப்போனது, இதழ்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

சவ்வு சீக்கிரம் உருகுவதற்கும் கடலே காரணம். கொலாஜன் என்பது மூன்று இழைகளை முறுக்கிய அமைப்பு. முறுக்கு அவிழாமல் இறுக்குவதில் ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆயுள் முழுக்க உடம்பைச் சூடாகவே வைத்திருக்கும் ஆடு மாடுகளின் கொலாஜனில் அது அதிகம். மீனின் உடம்பு பெரும்பாலும் தண்ணீரின் சூட்டிலேயே இருப்பதால் அவ்வளவு இறுக்கம் தேவைப்படவில்லை. குளிர்கடல் மீன்களில் அது இன்னும் குறைவு. ஆகவே மீனின் சவ்வு 50, 55 டிகிரி செல்சியஸிலேயே கூழாகத் தொடங்குகிறது. ஆட்டுத் தொடைக்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். குக்கருக்குள் 120 டிகிரி வரை ஏற்றி அந்த நேரத்தை நாம் சுருக்கிக்கொள்கிறோம்.

தசையை இயக்கும் மயோசின் என்ற புரதத்துக்கும் இதே ஜாதகம். மீனில் அது 40 டிகிரி வாக்கிலேயே குலையத் தொடங்குகிறது. ஒளி ஊடுருவிய சதை வெளுத்துப்போகிறது. 50-ஐ நெருங்கும்போது புரதம் சுருங்கி, உள்ளே இருந்த நீரைப் பிழிந்து தள்ளுகிறது. 60-ஐத் தாண்டினால் சக்கை. மாட்டிறைச்சியில் இந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் சுமார் 10 டிகிரி தள்ளித்தான் வரும். கிருமிகளுக்காக அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் மீனுக்குச் சொல்லும் உள்வெப்பம் 63 டிகிரி. பாதுகாப்புக்கும் வறட்சிக்கும் நடுவே இருக்கும் சந்து அவ்வளவு குறுகல். சுட்ட மீனின் மேல் சில நேரம் வெள்ளையாகத் திரிதிரியாகப் பூத்திருக்கும். அது கொழுப்பு என்று பலர் சுரண்டி எறிகிறார்கள். பிழியப்பட்ட நீரோடு வெளியே வந்து உறைந்த புரதம்தான் அது. அதிகமாகத் தென்பட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவு அவசரக்கார உணவுக்கு ஓவன் பொருத்தமான அடுப்பு. காரணம், அது மந்தமான அடுப்பு. 200 டிகிரிக்குச் சூடேறிய ஓவனுக்குள் கையை நீட்டித் தட்டைத் திருப்பிவிட்டு வரலாம். சுவரைத் தொடாதவரை ஒன்றும் ஆகாது. 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரில் விரல் நுனி பட்டாலே கொப்புளம். காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. போதாக்குறைக்கு மீனின் ஈரத் தோலிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் காயும்வரை தோலின் சூடு 100-ஐத் தாண்டாது. சுடுகிற எண்ணெயில் அரை நிமிடத்தில் கைமீறுவது ஓவனில் இரண்டு மூன்று நிமிட அவகாசம் தரும்.

எவ்வளவு நேரம் வைப்பது? கனடாவின் மீன்வளத் துறை பரப்பிய பழைய விதி ஒன்று உண்டு: 230 டிகிரி ஓவனில், மீனின் தடிமன் அங்குலத்துக்குப் பத்து நிமிடம். மனப்பாடம் செய்ய வசதியானது. ஆனால் இயற்பியல் வேறு கணக்குச் சொல்கிறது. சதைக்குள் சூடு ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கசிந்து கசிந்துதான் போக முடியும். அப்படிப் போகிற எதற்கும் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள மீனில் நடுப்பகுதி தோலிலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது. மீன் சதையில் சூடு பரவும் வேகத்தை வைத்துப் போட்டால் அந்தத் தூரத்துக்குத் தோராயமாக 12 நிமிடம். தடிமன் 4 சென்டிமீட்டரானால் 48 நிமிடம். நிஜ ஓவனில் காற்றின் மந்தத்தால் விடை இரண்டு மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடையில் எங்கோ விழும். ஒல்லியான மீனுக்குக் கனடா விதி சரியாக வருகிறது. தடித்த துண்டுக்கு அதை நம்பினால் நடுவில் பச்சையாக இருக்கும்.

மீனின் இரு பக்கமும் கத்தியால் கீறுவது மசாலா இறங்குவதற்கு என்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சூடு போக வேண்டிய தூரமும் அதனால் குறைகிறது என்பது கூடுதல் லாபம். ஆனாலும் பாட்டிமார் சொன்ன காரணமே பெரியது. மீன் சதைக்குள் உப்பு பரவும் வேகம், சூடு பரவும் வேகத்தில் சுமார் நூறில் ஒரு பங்குதான். கால் மணி நேரம் ஊறினால் உப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். மஞ்சளும் மிளகாயும் அதுகூட இறங்காது. இரவெல்லாம் மசாலாவில் ஊறவைக்கும் வழக்கம் ஆட்டுக்கறிக்குப் பரவாயில்லை. மெல்லிய மீனுக்கு நான்கு கீறல் போதும், பதினைந்து நிமிடமும் போதும்.

இனி எந்த மீன் என்ற கேள்வி. ஓவன் என்றதும் வஞ்சிரத் துண்டு வாங்கி வருகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது காசைக் கரியாக்கும் வேலை. கொழுப்பு குறைந்த, விலை கூடிய அந்தத் துண்டு இரண்டு நிமிடம் பிந்தினாலும் வறண்டுவிடும். ஓவனுக்கென்றே பிறந்தது மத்தி. தெற்கே சாளை என்பார்கள். மீன் கடையில் மலிவாகக் குவிந்து கிடப்பதும் பெரும்பாலும் அதுதான்.

அதன் விலை குறைவாக இருப்பதற்குப் பின்னால் ஓர் உயிரியல் கணக்கு இருக்கிறது. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போய்ச் சேரும். மிச்சம் மூச்சிலும் நீச்சலிலும் செலவாகிவிடும். மத்தி மிதவை நுண்ணுயிர்களை நேரடியாக வடிகட்டித் தின்கிறது. வஞ்சிரம் மத்தி போன்ற சிறு மீன்களைத் தின்கிறது. ஒரு கிலோ வஞ்சிரம் உருவாகப் பல கிலோ சிறு மீன் செலவாகியிருக்கும். அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ள, அடியிலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலே வரும். அதில் நுண்பாசி பெருகும். பாசி பெருகினால் மத்தி பெருகும். இது ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி நடப்பதில்லை. கேரளக் கரையில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் சில ஆயிரம் டன்னோடு நின்றது. மலிவு மீனுக்கு மலிவு விலை எப்போதும் உறுதியில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடக்கும் 61 நாள் தடைக்காலத்தில் எல்லா மீனுக்கும் விலை ஏறும். அந்த மாதங்களில் இந்தச் சமையலைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

மத்தியின் எண்ணெயும் அந்த நுண்பாசியிடமிருந்து தொடங்கியதுதான். ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் முக்கியமான இரண்டை மீன் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. குளிர்நீரிலும் உறையாமல் இளகியே இருக்கும் கொழுப்பு அது. புரதம் சுருங்கி நீரைத் தள்ளும் நேரத்தில் இந்த எண்ணெய் இழைகளுக்கு நடுவே நின்று வறட்சியை மறைத்துவிடும். நான் முன்பு சொன்ன குறுகலான சந்தை அகலமாக்குவது இதுதான். பொரிப்பதற்குச் சட்டி நிறைய எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. மீன் தன் எண்ணெயைத் தானே கொண்டுவந்திருக்கிறது.

அரைக் கிலோ மத்தியைச் செதிலும் குடலும் நீக்கிக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றிவிடுங்கள். ஈரம் இருந்தால் ஓவனின் முதல் சில நிமிடம் அதை விரட்டவே போய்விடும். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கெட்டியான புளிக்கரைசல் எல்லாம் அரைத்துக் கீறல்களில் அழுத்தித் தடவ வேண்டும். 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில், தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, 12 முதல் 15 நிமிடம். கடைசி மூன்று நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டால் தோல் காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும். பழுப்பு நிறமும் சுட்ட வாசனையும் அப்போதுதான் பிறக்கும். வாட்டிய வாழையிலையில் பொதிந்து வைத்தால் இந்த நிறம் வராது. உள்ளே ஆவி அடைபட்டு 100 டிகிரியோடு நின்றுவிடும்; பதிலுக்குச் சாறு ஒரு சொட்டும் வீணாகாது. இரண்டும் வேறு வேறு பதார்த்தங்கள், எது மேல் என்று சண்டை போடத் தேவையில்லை. ஓவன் இல்லாத வீட்டில் இலைப் பொதியைத் தோசைக்கல்லில் வைத்து மூடி, புரட்டிப் புரட்டி எடுக்கலாம். 1,500 வாட் ஓவன், சூடேறும் நேரமும் சேர்த்து 25 நிமிடம் ஓடினாலும் மின்சாரம் அரை யூனிட்டுக்குச் சற்று மேலேதான்.

புளியை விட்டுவிடாதீர்கள். அது சுவைக்கு மட்டும் அல்ல. கடல் மீனின் தசையில் டிரைமெத்தில் அமைன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. உப்பும் அழுத்தமும் புரதத்தைக் குலைக்காமல் காக்கும் அதற்கு மணம் கிடையாது. மீன் செத்தபின் பாக்டீரியா அதை டிரைமெத்தில் அமைனாக மாற்றுகிறது. கவிச்சி என்று மூக்கைப் பொத்துவது அதற்குத்தான். அது காரத்தன்மை உள்ளது. புளியோ எலுமிச்சையோ பட்டால் உப்பாக மாறி, ஆவியாகிக் கிளம்ப முடியாமல் சதையிலேயே தங்கிவிடும். கெண்டை, ஜிலேபி போன்ற குளத்து மீன்களில் வரும் சேற்று வாசனை வேறு ரகம். மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின்தான் அங்கேயும் வேலை செய்கிறது. வாசலில் ரசிப்பதைத் தட்டில் பொறுக்க மாட்டோம். அமிலம் அதையும் சிதைக்கும் என்பதால் குளத்து மீனுக்குப் புளி இன்னும் கொஞ்சம் தாராளமாக.

ஒரு விஷயத்தில் மட்டும் புளியும் நெருப்பும் உதவாது. மத்தி, அயிலை, சூரை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் அதிகம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக்கிவிடும். அந்த மீனைத் தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், அரிக்கும். மீன் ஒவ்வாமை என்று தவறாக நினைப்பதுண்டு. எத்தனை டிகிரியில் சுட்டாலும் உண்டான ஹிஸ்டமின் அழியாது. அதனால் மத்தி வாங்கும்போது விலையைவிடப் பனிக்கட்டியைப் பாருங்கள். கண் பளபளப்பும் வயிற்றின் இறுக்கமும் அதற்கு அடுத்தது. வீட்டுக்கு வந்ததும் நேரே குளிர்சாதனப் பெட்டி.

முள்ளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், மத்தியை ஒதுக்குகிறவர்கள் சொல்லும் காரணம் அதுதான். தசை அடுக்குகளுக்கு நடுவிலுள்ள சவ்விலேயே எலும்பாகிப்போன மெல்லிய ஊசிகள் அவை. பழைய வம்சத்து மீன்களான மத்தி, உல்லம், கெண்டை போன்றவற்றில் மிகுதி. பின்னால் தோன்றிய பல மீன் இனங்கள் அவற்றை இழந்துவிட்டன. ஓவனில் இந்த முள் மிருதுவாகாது. டப்பா மத்தியில் முள்ளோடு தின்ன முடிவது, அதை 115 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் வேகவைப்பதால். ஆனால் சவ்வு உருகிவிட்டபடியால் சுட்ட மத்தியில் நடுமுள்ளைத் தலைப் பக்கம் பிடித்து இழுத்தால் முழு வரிசையும் பெரும்பாலும் ஒன்றாகக் கழன்று வரும்.

மிச்சமானால் மறுநாள் சூடுபண்ண வேண்டாம். ஒமேகா-3 எளிதில் ஆக்சிஜனோடு கூடிக் கெடும். கருஞ்சதையில் உள்ள இரும்பு அதைத் துரிதப்படுத்தும். இரண்டாம் சூடு வீடு முழுக்க வாடையைக் கிளப்பிவிடும். குளிர்ந்த மீனை முள் நீக்கி உதிர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து பிசறினால் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.