வால்வைக் காக்கும் அரைப் பூட்டுகள்

சென்னையிலிருந்து கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், எண்ணூரைக் கடந்ததும் அத்திப்பட்டும் நந்தியம்பாக்கமும் வரும். அவற்றை அடுத்துள்ள ஊர் மீஞ்சூர். ஏகாம்பரநாதருக்கும் வரதராசப் பெருமாளுக்கும் இங்குக் கோயில்கள் உள்ளமையால் இதனை வடகாஞ்சி என்றும் கூறுவர். ஊரைச் சுற்றி இன்று அனல் மின் நிலையமும், துறைமுகங்களும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் நிறைந்துள்ளன. எந்திரங்களின் ஓசை இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 1948-ஆம் ஆண்டில் இரகுநந்தன் சரண் என்பார் அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே எண்ணூர்த் தொழிற்சாலையில் ஆஸ்டின் ஏ-40 என்னும் கார்கள் பூட்டப்பெற்று வெளிவந்தன. 1955-இல் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனம் பங்கு கொண்டபின், அதுவே அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்று, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் புகழ் வாய்ந்ததாயிற்று.

அந்த ஆஸ்டின் காரில் இருந்தது 1200 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய எஞ்சின். அதனை அடியொற்றியே பின்னர் இங்கிலாந்தில் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்று உருவாக்கப்பட்டது. மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் செய்யப்பெற்ற அம்பாசடர் காரில் 1959-ஆம் ஆண்டு இடம்பெற்றது இந்த எஞ்சினே. ஆகவே எண்ணூரில் பூட்டப்பட்ட ஆஸ்டினுக்கும் நாடறிந்த அம்பாசடருக்கும் நெருங்கிய உறவுண்டு எனலாம். 2014-இல் அம்பாசடரின் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் அவ்வண்டியை விற்க மனமின்றி வீட்டில் வைத்துப் போற்றுவோர் இன்றும் உளர். அதன் எஞ்சினைத் தம் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பழுது பார்ப்பாரும் அவருள் உண்டு. அவ்வாறு துணிபவரின் பொறுமையை முற்றிலும் சோதிப்பது பெரிய பாகம் எதுவுமன்று. புளியங்கொட்டையினும் சிறியதாகிய ஓர் எஃகுத் துண்டே.

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடுவது. மற்றொன்று எரிந்த புகையை வெளியேற்றுவது. நான்கு சிலிண்டர்களுக்கு எட்டு வால்வுகள். வால்வின் வடிவம் குடைக்காளானை நினைவூட்டும்: கீழே வட்டமான தலை, மேலே நீண்ட தண்டு. காம் தண்டு சுழலும்போது அதன் மேடு டாப்பெட்டை உயர்த்த, டாப்பெட் தள்ளுகோலை உயர்த்த, தள்ளுகோல் ராக்கரின் ஒரு முனையை உயர்த்தும். ஏற்றப்பலகையின் ஒருபுறம் ஏற மறுபுறம் இறங்குவதுபோல, ராக்கரின் மறுமுனை இறங்கி வால்வை அழுத்தித் திறக்கும். மேடு விலகியதும், தண்டினைச் சூழ்ந்துள்ள சுருள்வில் வால்வை மேலே இழுத்து மூடிவிடும். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழலுமாயின், ஒவ்வொரு வால்வும் 1500 முறை திறந்து மூடும். அஃதாவது ஒரு நொடிக்கு 25 முறை. அவ்வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 90,000 முறையாகும். அதனிடையே புகை வால்வின் தலையோ செந்தணலாய்க் காய்ந்திருக்கும்.

சுருள்வில்லையும் வால்வையும் பிணைப்பது எது? வில்லின் மேல் கிண்ணம் போன்றதொரு தகடு அமர்ந்திருக்கும். அதன் நடுத்துளை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். வால்வுத் தண்டின் மேல்முனையருகே மெல்லிய பள்ளம் ஒன்று சுற்றிலும் வெட்டப்பட்டிருக்கும். துளைக்கும் தண்டிற்கும் இடையே, நெடுக்கில் இரண்டாகப் பிளந்த ஒரு கூம்பு வளையம் பொருந்தும். இதனையே பட்டறைகளில் ‘லாக்’ என்பர்; பூட்டு என்று சொல்வதும் தகும். அதன் உட்புற வரம்பு தண்டின் பள்ளத்தில் அமரும்; வெளிப்புறச் சரிவு கிண்ணத்தின் துளையில் அமரும். மண்வெட்டிக் காம்பில் அறைந்த ஆப்பு இறுகப் பற்றுவதைப் போன்றதே இதன் செயலும். சுருள்வில் கிண்ணத்தை மேல்நோக்கித் தள்ளுந்தோறும் அப்பாதிகள் இரண்டும் தண்டினை மேன்மேலும் நெருக்கிப் பிடிக்கும். திருகாணியில்லை, பற்றவைப்பில்லை, பிரிக்க முயலும் விசையே இதனைப் பிணைக்கின்றது. எந்திரக் கலையின் அழகிய கருத்துகளுள் இஃது ஒன்று.

ஆனால் ஒரு பாதி சரியாக அமராவிடின் நேர்வதோ பெருங்கேடு. ஓடும்போது பூட்டு நழுவினால் கிண்ணம் விடுபடும். வால்வு சிலிண்டருக்குள் வீழும். மேலெழும் பிஸ்டன் அதனை மோதும். வால்வின் தலை ஒடிந்து, பிஸ்டன் உடைந்து, சிலிண்டர் தலையும் சிதைதல் கூடும். சில ரூபாய்ப் பொருளால் எஞ்சின் முழுவதுமே வீணாதல் உண்டு.

எட்டு வால்வுகளுக்குப் பதினாறு பாதிகள். வேலை தொடங்குமுன் அவற்றை எண்ணி, மூடியுள்ள ஒரு கிண்ணியில் இடுதல் வேண்டும். வால்வுகளையும் அவை இருந்த வரிசையிலேயே வைத்தல் வேண்டும். ஓரிடத்தில் தேய்ந்து பழகிய வால்வு வேறிடத்தில் பொருந்தாது. அட்டைப் பெட்டியொன்றில் எட்டுத் துளையிட்டு, எண் எழுதிச் செருகி வைப்பது எளிய வழி. மீஞ்சூரில் இன்னும் ஒரு கவனம் தேவைப்படும். கடற்காற்றின் உப்பு, துடைத்து வைத்த எஃகில் விரைந்து துருவேற்றும். துறைமுகங்களுக்குச் செல்லும் லாரிகள் எழுப்பும் புழுதியும் எங்கும் படியும். ஆதலின் தூய்மை செய்த பாகங்களில் உடனே எண்ணெய் தடவித் துணியால் மூடிவிடுதல் நலம்.

சிலிண்டர் தலையைக் கழற்றி மேசைமேல் வைத்துச் செய்வதே முறையான வேலை. வால்வின் தலையும் அஃது அமரும் இருக்கையும் அரைப்புப் பசையால் தேய்த்துப் பொருத்தப்பட்டபின், பசையின் துகள் சிறிதும் எஞ்சாதவாறு கழுவ வேண்டும். பின்பு தண்டில் எண்ணெயிட்டு வால்வை அதன் குழாயில் செருக வேண்டும். சுருள்வில்லையும் கிண்ணத்தையும் மேலே வைத்து, வளைந்த பிடிகருவியின் ஒரு முனையை வால்வின் தலையிலும் மறுமுனையைக் கிண்ணத்திலும் பொருத்தி மெல்ல அழுத்த வேண்டும். வில் இப்போது தன்னுள் பெருவிசையை அடக்கி நிற்கின்றது. கருவி வழுக்கினால் கிண்ணமும் பூட்டும் தெறித்துக் கண்ணைத் தாக்கும். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் இவ்வேலையில் இறங்குதல் அறிவுடைமையன்று.

தண்டின் பள்ளம் கிண்ணத்திற்கு மேல் தெரியுமளவு அழுத்தினாற் போதும். அப்போது, பள்ளத்திற்குக் கீழே எண்ணெய் காக்கும் சிறு ரப்பர் வளையத்தைத் தண்டில் ஏற்றுவர். எஞ்சின் எண்ணெயில் சற்றே ஊறவைத்த புதிய வளையம் எளிதில் ஏறும். பழையதை மீண்டும் இடுவது வீண் சிக்கனம்; எண்ணெய் கசிந்து நீலப்புகை எழும்.

இனிப் பூட்டு. விரல்களுக்கு அவ்விடத்தில் வழியில்லை. விரலுக்கு ஒட்டும் துண்டு தண்டிற்கு ஒட்டாது. ஒரு பாதியை வைத்து மறுபாதியை எடுப்பதற்குள் முதலது சரிந்து விழும். இத்தொல்லைக்கு மருந்து கிரீஸ். ஒவ்வொரு பாதியின் உட்புறத்திலும் சிறிது கிரீஸ் தடவி, மெல்லிய திருப்புளியின் நுனியில் ஒட்டவைத்து எடுத்துச் சென்று, அகன்ற புறம் மேலாகத் தண்டின்மேல் வைத்தால், கிரீஸ் அதனை அங்கேயே பிடித்துக்கொள்ளும். மறுபாதியையும் எதிர்ப்புறம் அவ்வாறே வைத்து, இரண்டும் ஒரே மட்டத்தில் உள்ளனவா, இரு பிளவுகளும் ஏறக்குறைய ஒத்துள்ளனவா என்று நோக்கி, கருவியை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். கிண்ணம் எழுந்து இரண்டையும் தழுவிக்கொள்ளும். பூட்டைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் இருந்ததாயின் அதனையும் மறவாது இடவேண்டும். பின்னர்க் கனத்த துணியால் மூடி, தண்டின் முனையில் மரச்சுத்தியால் இரண்டு மூன்று முறை இலேசாகத் தட்டினால், அரைகுறையாய் அமர்ந்த பூட்டு அப்போதே தன்னை வெளிப்படுத்திவிடும். சாலையில் நேர்வதைக் காட்டிலும் துணிக்கடியில் நேர்வது நன்று.

சிலிண்டர் தலையைக் கழற்றாமலே ஒரு சுருள்வில்லை மட்டும் மாற்றவேண்டி வருவதும் உண்டு. வில்லைக் கழற்றினால் வால்வு உள்ளே விழுமே என்னும் ஐயம் எழும். அனுபவமுள்ளவர் இதற்குக் கண்ட உத்தி கயிறு. இரு வால்வுகளும் மூடியிருக்கும்போது, தீப்பொறிச் செருகி கழற்றிய துளை வழியே மெல்லிய நைலான் கயிற்றை உள்ளே செலுத்தி, முனையை வெளியே விட்டு, எஞ்சினைக் கையால் சுழற்றுவர். பிஸ்டன் எழுந்து கயிற்றுச் சுருளை வால்வின் தலையோடு அணைத்து நிறுத்தும். தேங்காய்நார்க் கயிறு இதற்கு ஆகாது. அது நார் உதிர்க்கும். இம்முறையில் வேலை செய்வோர், தள்ளுகோல்கள் இறங்கும் துளைகளைத் துணியால் அடைத்துக்கொள்ளல் வேண்டும். தவறிய பாதியொன்று அவ்வழியே வீழ்ந்தால் எண்ணெய்த் தொட்டி வரை செல்லக்கூடும். அதனைத் தேடியெடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எஞ்சிய பணிகள் எளியவை. தள்ளுகோல் ஒவ்வொன்றும் டாப்பெட்டின் குழியில் அமர்ந்ததா என்று சுழற்றிப் பார்த்து, ராக்கர்களைப் பூட்ட வேண்டும். அதன்பின், ராக்கருக்கும் தண்டின் முனைக்கும் இடையே, தயாரிப்பாளர் குறித்த மெல்லிய இடைவெளியை அளவுத் தகட்டால் அமைக்க வேண்டும். இதற்கு ஒரு சுவையான கணக்கு உண்டு. அதனை ஒன்பதின் விதி என்பர். எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாம் வால்வைத் திருத்துக. ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை. திறந்ததன் எண்ணும் திருத்துவதன் எண்ணும் கூடினால் என்றும் ஒன்பதே வரும். முதலும் நான்காம் சிலிண்டரும், இரண்டும் மூன்றாம் சிலிண்டரும் சரியாக ஒரு சுற்று இடைவெளியில் இயங்குவதே இதற்குக் காரணம்.

எல்லாம் முடிந்தபின் உடனே சாவியைத் திருப்புவாரல்லர் அனுபவமுள்ளவர். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றியபடியே, கைப்பிடியைச் செருகி எஞ்சினை இருமுறை முழுதும் சுழற்றி, எட்டு வால்வுகளும் திறந்து மூடுவதைக் கண்ணால் காண்பர். எட்டுக் கிண்ணங்களின் நடுவிலும் பாதிகள் இரண்டிரண்டாய் ஒரே உயரத்தில் நிற்குமாயின், ராக்கர் மூடியை மேலே வைப்பர்.