ஞாயிறு காலையும் எழுத்துக் கல்லும்

பெங்களூரின் பழைய வரலாறு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. கெம்பேகவுடா 1537இல் அமைத்த பேட்டைக்கு வெளியே, இன்று நகரம் விழுங்கிவிட்ட கிராமங்களில் அது சிதறிக் கிடக்கிறது. ஏரிக்கரையில் ஒரு வீரகல், கோயில் சுவரில் சில வரித் தமிழ்க் கல்வெட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலோரம் சாய்ந்து நிற்கும் பலகைக்கல் என்று ஊருக்கு ஒன்று. 2007இல் மாநகராட்சி விரிந்தபோது மட்டும் 110 கிராமங்கள் நகரத்துக்குள் வந்து சேர்ந்தன. ஒரு பழைய ஊருக்கும் அடுத்ததற்கும் இடையே சில கிலோமீட்டர்கள்தான். நடந்து போக அது தூரம். காரில் போனால் கோயில் தெருவில் வண்டியை நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை கழிந்துவிடும். இந்தத் தூரத்துக்குச் சைக்கிள்தான் சரியான வாகனம்.

வேலை நாட்களில் நேரமே கிடைக்காத ஆசிரியர்களுக்கும் இந்தக் கல்வெட்டுத் தேடல் ஒத்துவரும். இதைத் தொடங்கி வைத்தவரே கல்வித் துறைக்காரர். பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1837இல் பெங்களூரில், லண்டன் மிஷன் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, பின்னாளில் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்த பெங்களூர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். அதன்பின் மைசூர், குடகுப் பகுதிகளின் பள்ளி ஆய்வாளரானார். பள்ளிகளைப் பார்வையிடக் குதிரையில் ஊர் ஊராகப் போனபோதுதான் வயலிலும் கோயில் வாசலிலும் கிடந்த எழுத்துக் கற்கள் அவர் கண்ணில் பட்டன. பள்ளி வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கப் போன பயணம் கல்வெட்டுத் தேடலாக மாறியது. பிறகு அரசே அவரைத் தொல்லியல் துறைக்குப் பொறுப்பாக்கியது. 1906இல் ஓய்வு பெறுவதற்குள் ‘எபிகிராபியா கர்னாடிகா’ என்ற வரிசையில் 12 தொகுதிகளை வெளியிட்டுவிட்டார். அவற்றில் ஏறத்தாழ 9,000 கல்வெட்டுகள் உள்ளன. பண்டிதர்களும் படியெடுப்போரும் கூடவே உழைத்ததால் முடிந்த வேலை அது. தனி மனிதச் சாதனையாக மட்டும் அதைச் சொல்வது நியாயமில்லை.

பெங்களூர் மாவட்டத்துக்கு உரியது 1905இல் வந்த ஒன்பதாம் தொகுதி. தாலுகா வாரியாக, ஊர் வாரியாக எண்ணிட்டு, மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் தந்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சைக்கிள் எடுப்பதற்கு முன் திறக்க வேண்டிய புத்தகம் இதுதான். ஊருக்குத் தெற்கே, ஏரி மதகுக்குப் பக்கத்தில், இன்னாருடைய வயலில் என்ற ரீதியில்தான் கற்களின் இருப்பிடம் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வயல் இன்று மனைப்பிரிவாகி, மதகு சாலைக்கடியில் போய்விட்டது. நூற்றாண்டு பழைய அந்தக் குறிப்பை இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்ப்பதுதான் வேலையின் பாதி. விடைத்தாள் கட்டு மேசையில் இருக்கும் வார நாள் இரவிலும் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கலாம்.

மீதிப் பாதிக்கு ஞாயிறு காலை போதும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் காலை ஆறு மணிக்கு வெயிலும் இல்லை, வண்டிகளும் குறைவு. மழைக்காலத்திலும் பெரும்பாலும் மாலையில்தான் கொட்டும். கோயில்கள் காலையில் திறந்திருக்கும், உச்சிப்பொழுதுக்கு நடை சாத்திவிடுவார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியம் வெளிச்சம். தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சாய்ந்து விழும் வெயில் வேண்டும். காலை ஏழு மணி வெயிலில் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கி வரி தெளிவாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் அதே கல் வெறும் பாறையாகிவிடும்.

தமிழ் வாசகருக்கு முதலில் சொல்ல வேண்டிய வழி, தொம்மலூரில் தொடங்கி மடிவாளா வழியாகப் பேகூரில் முடிவது. போய்த் திரும்ப ஒரு காலைப்பொழுது ஆகும்.

தொம்மலூரில் சற்றே மேடான இடத்தில் இருக்கிறது சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டு மதுரைச் சொக்கரை எதிர்பார்த்துப் போகிறவர் உள்ளே காண்பது பெருமாளை. கல்வெட்டுகளிலும் அவர் சொக்கப்பெருமாள்தான். ஊருக்குத் தொம்பலூர் என்ற பெயரோடு தேசிமாணிக்கப்பட்டணம் என்ற இன்னொரு பெயரும் அவற்றில் வருகிறது. 1270ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் கோயில் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. மன்னரின் மெய்க்கீர்த்தி எதுவும் இல்லாமல், ஒருவர் வாசற்கால் வாங்கிக் கொடுத்த செய்தி 750 ஆண்டுகள் நிலைத்திருக்கிறது. தொம்மலூரின் பெரிய செய்தி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இங்கே தமிழ் எப்படி வந்தது என்ற கேள்வி எழாமல் இருக்காது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கங்கரை வென்று இந்தப் பகுதியைப் பிடித்தனர். பக்கத்துக் கோலார் நாட்டுக்கு நிகரிலிசோழ மண்டலம் என்றே பெயர் வைத்தனர். அடுத்த நூற்றாண்டில் போசளர் கைக்கு நாடு மாறியது. 1254இல் போசள அரசு இரண்டாகப் பிரிந்தபோது, திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூரிலிருந்து ஆண்ட வீர ராமநாதனின் பங்கில் பெங்களூர், கோலார் பகுதிகளும் சேர்ந்தன. தொம்மலூர்க் கல்வெட்டுகளில் அவனுடைய ஆணையும் இருக்கிறது. கன்னடமும் தமிழும் அடுத்தடுத்த கற்களில் வெட்டப்பட்ட ஊர் இது. எந்த மொழி முதலில் வந்தது என்று மேடையில் சண்டை போடுபவர்கள் இந்தக் கற்களை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது.

அங்கிருந்து தெற்கே இறங்கினால், ஓசூர்ச் சாலையின் இரைச்சலுக்குச் சற்றுத் தள்ளி மடிவாளா சோமேசுவரர் கோயில். வெளிச்சுவரில் தமிழும் கிரந்தமும் கலந்த கல்வெட்டுகள் உண்டு. 1247ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழிருந்த நிலத்தை வேப்பூர்க்காரர் ஒருவர் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். இன்னொரு கல்வெட்டில் தாமரைக்கீரை என்ற ஊர்ப்பெயர் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் தாவரெகெரெதான் அது என்பது ஆய்வாளர் கருத்து. நிலம் கொடுத்தவருடைய ஊர் அடுத்த நிறுத்தம், சுவரில் சொன்ன ஏரியூர் அடுத்த தெரு. கல்வெட்டில் எழுதியதைக் கால் மிதித்தே சரிபார்க்க முடிகிற இடம் இப்படி அதிகம் இல்லை.

பேகூரில் நாகேசுவரர் கோயில் வளாகத்தில் இருக்கும் கன்னடக் கல் சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெங்களூர்ப் போரில் நாகத்தரனைச் சார்ந்த புட்டணசெட்டி இறந்ததை அது சொல்கிறது. நாகத்தரன் கங்கர் காலத்துத் தலைவன். வேட்டைக்கு வந்து வழிதவறிய போசள மன்னன் வீர வல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த அவரை கொடுத்ததால் ஊருக்குப் பெயர் வந்தது என்ற கதையை நகரத்துக் குழந்தைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அந்த மன்னன் பட்டத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே பெயர் கல்லில் ஏறிவிட்டது. பேகூரில் கிடைத்த இன்னொரு பெரிய வீரகல், தும்பெப்பாடிப் போரைக் காட்டுவது, கஸ்தூரிபா சாலை அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நாகத்தரன் மடிந்த அந்தப் போரில் யானையும் குதிரையும் காலாளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கல்லிலேயே பார்க்கலாம்.

ஊர்ப்புறங்களில் காணும் சாதாரண வீரகல்லுக்கு மூன்று அடுக்குகள். கீழ் அடுக்கில் சண்டை, நடு அடுக்கில் இறந்தவனைத் தேவமகளிர் இருபுறமும் தாங்கி மேலே கொண்டுபோவது, மேல் அடுக்கில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருப்பது. கீழிருந்து மேலாகப் பார்த்துச் செல்ல வேண்டும். வளையல் அணிந்த ஒரு கை மட்டும் உயர்ந்து நின்றால் அது மாஸ்திக்கல், கணவனோடு தீப்பாய்ந்த பெண்ணுக்கு நட்டது. தமிழ்நாட்டு நடுகல்லையும் சதிக்கல்லையும் பார்த்துப் பழகியவருக்கு இவை எளிதில் பிடிபடும்.

இந்த வழிக்கு வெளியே, வடக்கே ஹெப்பாளில் உள்ள கிட்டய்யா கல் நகரத்திலேயே பழைய கன்னடக் கல்வெட்டு என்று கருதப்படுகிறது. காலம் சுமார் 750, கங்க மன்னன் ஸ்ரீபுருஷனின் ஆட்சி. 2018இல் கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டியபோது வெளிப்பட்ட கல் அது. மல்லேசுவரத்தில் காடு மல்லேசுவரர் கோயிலுக்குப் போனால் 1669ஆம் ஆண்டின் ஏகோஜி தானம் நினைவுக்கு வரும். சில ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர் அதே ஏகோஜிதான்.

சைக்கிளில் போகிறவருக்கு மட்டும் தெரியவரும் விஷயம் ஒன்று உண்டு: நிலத்தின் ஏற்ற இறக்கம். பெங்களூருக்குப் பெரிய ஆறு கிடையாது. மேட்டில் விழும் மழையைப் பள்ளத்தில் கரை கட்டித் தேக்கி, ஒரு ஏரி நிரம்பி அடுத்ததற்கு வழியும்படி சங்கிலியாக அமைத்தார்கள். கார்க்காரருக்கு எல்லாச் சாலையும் சமதளம். மிதிப்பவருக்குத் தொடை வலியே இறக்கத்தில் ஏரி இருந்திருக்கும், ஏற்றத்தில் ஊர் இருந்திருக்கும் என்று சொல்லிவிடும். கெம்பேகவுடா கோபுரங்கள் எல்லாம் ஏற்றத்தில்தான் நிற்கின்றன. லால்பாக் கோபுரம் ஏறி நிற்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டு. கண்டீரவா விளையாட்டரங்கு சம்பங்கி ஏரியின் மேலும், கெம்பேகவுடா பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின் மேலும் எழுந்தவை. பெருமழை நாளில் தண்ணீர் தேங்கும் இடங்களைக் கவனித்தாலே பழைய ஏரி வரைபடம் கிடைத்துவிடும்.

இந்தத் தேடலுக்கு விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பின்னால் கேரியர் உள்ள, பிரேக் நன்றாகப் பிடிக்கிற எந்த வண்டியும் போதும். தலைக்கவசமும் பின்விளக்கும் கட்டாயம். சாலைதான் பெரிய தடை. 2020இல் வெளிவட்டச் சாலையில் சைக்கிளுக்கென்று தடுப்பு வைத்துப் பாதை ஒதுக்கினார்கள், அது நிலைக்கவில்லை. ஆகவே பெரிய சாலையை விட்டு உள்தெருக்களில் போவதே நல்லது. பழைய ஊரும் அங்கேதான் இருக்கிறது. தூரமான முனைக்குப் போக, மடிக்கக்கூடிய சைக்கிளை அளவு வரம்புக்குள் மெட்ரோவில் எடுத்துச் செல்லலாம். அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் நுழைந்து அர்ச்சகரின் முறைப்பை வாங்கிக்கொள்வதைவிட, பையில் ஒரு வேட்டி வைத்துக்கொள்வது மேல். தேவனஹள்ளி, ஹொசகோட்டை போன்ற தொலைவுகளைத் தசரா விடுமுறைக்கும் ஏப்ரல், மே மாதங்களுக்கும் ஒதுக்கலாம். விடுமுறையை இப்படிச் செலவிட்டவர்கள் உலகத்தில் முன்பும் உண்டு. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ், ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்த 1908 கோடையில் பிரான்ஸின் கோட்டைகளைப் பார்க்க ஏறத்தாழ 2,400 மைல் சைக்கிள் மிதித்தார். கோட்டைகள் பற்றிய அவருடைய ஆய்வேட்டுக்கு அந்தப் பயணம் உதவியது.

கல்லின் முன் செய்யக்கூடாதவை சில உண்டு. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, மாவு, சாக்பீஸ் பூசுவது கல்லுக்குக் கேடு, தவறான வாசிப்புக்கும் அதுவே காரணம். நிழலில் இருக்கும் கல்லுக்குப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் போதும். ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை. மற்றவர்கள் புகைப்படம் எடுக்கலாம். முழுக்கல் ஒன்று, பகுதி பகுதியாகச் சில, பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல். ஆசிரியர் பையில் அது எப்போதும் இருக்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தைப் படிப்பது பலரும் அஞ்சுகிற அளவு கடினமில்லை. பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இல்லை, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும், சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற தொடக்கத்தையும் ஊர்ப்பெயரையும் பிடித்துக்கொண்டு, ரைஸ் தொகுதியில் அச்சான பாடத்தைக் கையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் சில வாரங்களில் கண் பழகிவிடும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளின் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்களில் மாணவர்களே இதைச் செய்கிறார்கள். பெங்களூரில் தமிழ் கற்பிக்கும் பள்ளிகளும் தொம்மலூர்க் கோயிலையே ஒரு வகுப்பறையாகப் பயன்படுத்தலாம். இதுவரை பயன்படுத்தாதது நஷ்டம்தான்.

1909இல் தொடங்கி, இன்று நிருபதுங்கா சாலையில் இயங்கும் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு நிறுவனம், 2021 முதல் பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து பாதுகாத்து வருகிறது. பொறியாளர் பி. எல். உதயகுமார் முன்னின்று நடத்தும் பணி இது. கல் உடைந்தாலும் எழுத்து தப்பிவிடும். ஆனால் கல் இருக்கும் இடத்தை யாராவது சொன்னால்தான் ஸ்கேன் கருவி அங்கே போக முடியும். வடிகால் தோண்டிய மண்ணிலோ, இடித்த வீட்டின் படிக்கட்டிலோ எழுத்துள்ள கல் எதையாவது கண்டால், அதை நகர்த்தாமல், படமும் இடக்குறிப்பும் எடுத்து அவர்களுக்கோ தொல்லியல் துறைக்கோ அன்றே தெரிவியுங்கள்.