மணிச்சத்தும் மறைந்திருக்கும் கதிரியக்கமும்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து நாமக்கல் நோக்கி நீளும் சமவெளியில் மரவள்ளியும் மஞ்சளும் நிலக்கடலையும் விளைகின்றன. இப்பயிர்கள் வேரூன்றி வளர மணிச்சத்து இன்றியமையாதது. அதனை வழங்கும் சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. ஆகிய உரங்களுக்கு மூலப்பொருள் பாஸ்பேட் பாறையாகும். உணவுக்கு வழிசெய்யும் அப்பாறையே கதிரியக்கத்தையும் தன்னுள் கொண்டுள்ளது.

பாறையில் உறையும் கதிரியக்கம்

பாஸ்பேட் பாறைகளுள் பெரும்பாலானவை பண்டைக் கடல்களின் அடியில் படிந்து உருவானவை. கடல்நீரில் கரைந்திருந்த யுரேனியமும் அப்படிவுகளில் சேர்ந்தது. யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகவும், பின்னர் ரேடான் என்னும் வளிமமாகவும் மாறுகிறது. பாறையை அகழ்ந்து, பொடித்து, அமிலத்தில் கரைக்கும்போது இத்தனிமங்கள் வெவ்வேறு திசைகளில் பிரிகின்றன.

உரமும் கழிவும்

இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906இல் இராணிப்பேட்டையில் தொடங்கப்பெற்றது. பாறைப்பொடியுடன் கந்தக அமிலத்தைச் சேர்க்கும் இம்முறையில், உருவாகும் ஜிப்சம் உரத்திலேயே தங்கிவிடுகிறது. டி.ஏ.பி. உரத்திற்கான பாஸ்பாரிக் அமிலத்தைத் தயாரிக்கும்போதோ, ஜிப்சம் வடிகட்டப்பட்டுக் கழிவாக ஒதுக்கப்படுகிறது. யுரேனியத்தின் பெரும்பகுதி அமிலத்தோடும், ரேடியத்தின் பெரும்பகுதி ஜிப்சத்தோடும் செல்கின்றன. அமிலத்திலுள்ள 1 டன் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு ஏறத்தாழ 5 டன் 'பாஸ்போஜிப்சம்' வெளிப்படுகிறது. தூத்துக்குடி, எண்ணூர் போன்ற கடலோரத் தொழிற்பகுதிகளில் இக்கழிவைக் கையாளுதல் பெரும்பணியாகும்.

குவியல்களின் தீங்கு

திறந்தவெளிக் குவியலிலிருந்து காற்று துகள்களை வாரிச்செல்லும். மழைநீர் அமிலத்தன்மையையும் புளூரைடையும் கன உலோகங்களையும் நிலத்தடி நீருக்குக் கொண்டுசெல்லும். ரேடான் மூச்சுக்காற்றில் தொடர்ந்து கலப்பின் நுரையீரல் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு மிகும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2021இல் இத்தகைய கழிவுநீர்த் தேக்கமொன்றில் கசிவு ஏற்பட்டது. கரை உடைவதைத் தவிர்க்க ஏறத்தாழ 80 கோடி லிட்டர் கழிவுநீர் தம்பா விரிகுடாப் பகுதியில் வெளியேற்றப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

ரேடியம்-226இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். இன்றிலிருந்து அத்தனை ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றால் களப்பிரர் காலத்தை அடைவோம். அன்று புதைத்த ரேடியத்தில் பாதி இன்றும் எஞ்சியிருக்கும்.

காக்கும் வழிகள்

பாஸ்போஜிப்சம் முற்றிலும் வீண்பொருளன்று. சிமெண்ட் தயாரிப்பிலும், களர்நிலச் சீர்திருத்தத்திலும், நிலக்கடலைச் சாகுபடியிலும் பயன்படுகிறது. எனினும் அளந்தறியாமல் அதனைப் பயன்படுத்துதல் தகாது. கட்டுமானப் பொருள்களிலும் வேளாண்மையிலும் அதன் பயன்பாட்டை நெறிப்படுத்த, இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009இல் ஆணை பிறப்பித்தது. அதில் கிராமுக்கு 1 பெக்கரல் என்னும் கதிரியக்க அளவு வரம்பாகக் கொள்ளப்பட்டது. குவியலின் அடியில் நீர்புகா விரிப்பு இடுதல், கசிவுநீரைச் சேகரித்துத் தூய்மையாக்கல், சுற்றுப்புற நிலத்தடி நீரை இடைவிடாது சோதித்தல் ஆகியன ஆலைகளின் கடமைகள். மண்ணை ஆய்வுசெய்து தேவையான அளவே உரமிடுதல் உழவர் கைக்கொள்ளத்தக்க வழி. உரத்தின் பயன் ஓர் அறுவடையில் கிட்டிவிடும். அதன் கழிவைக் காக்கும் பொறுப்போ பல தலைமுறைகளுக்கு நீளும்.