‘இப்போ!’ன்னு யார் சொல்றது? – அளவீட்டுக் கருவிகளை இணைக்கும் பஸ் தரநிலைகள்



மெஷின்ஸ் லேப்ல இண்டக்ஷன் மோட்டார் லோடு டெஸ்ட் பண்ணாம யாரும் தப்பிச்சிருக்க முடியாது. எங்க பேட்ச்ல நாலு பேர். ஒருத்தன் வாட்மீட்டர் பார்ப்பான், ஒருத்தி அம்மீட்டர், இன்னொருத்தன் டேக்கோமீட்டரும் கையுமா ஷாஃப்ட் பக்கத்துல நிப்பான். நான் ஸ்பிரிங் பேலன்ஸைப் பார்த்துட்டு ‘இப்போ!’ன்னு கத்துவேன். எல்லாரும் ரீடிங் எழுதணும்.

கணக்கு போட்டுப் பார்த்தா ஒரு வரிசையில எஃபிஷியன்சி 104 சதவீதம்! உள்ளே கொடுத்ததைவிட வெளியே அதிகமா வருது. ரெக்கார்டு நோட்டு சிவப்பு மையில ஒரு கேள்விக்குறியோட திரும்பி வந்துச்சு.

தப்பு மோட்டார்ல இல்லை. பிரேக் டிரம் சூடாக ஆக பெல்ட்டோட உராய்வு மாறும், அதோட லோடும் மாறும். நான் கத்தினதும் ஒருத்தன் உடனே எழுதினான், ஒருத்தி முள் நிக்கட்டும்னு காத்திருந்தாள், டேக்கோமீட்டர் நிலைக்க இன்னும் ரெண்டு நொடி ஆச்சு. வெவ்வேறு நேரத்து அளவுகளை ஒரே நேரத்து அளவுகளா நினைச்சு வகுத்திருக்கோம்.

பல கருவிகள் சேர்ந்து அளக்கும்போது ரெண்டு கேள்விகள் வரும். ஒன்று, ரீடிங்கை யார் எழுதுவது? இரண்டு, ‘இப்போ’ன்னு யார் சொல்வது? கடந்த அறுபது வருஷமா வந்த கருவி பஸ் தரநிலைகள் எல்லாமே இந்த ரெண்டு கேள்விக்கும் தேடின பதில்கள்தான்.

முதல்ல, பஸ்னா என்ன?

தஞ்சாவூர் போற டவுன் பஸ் இல்லைங்க. எங்க பூதலூர் பக்கம் வந்து பாருங்க. கல்லணையில காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு தண்ணீர் பிரியும். அப்புறம் வாய்க்கால், மதகு, மடைன்னு கடைசியா வயலுக்கு வரும். ஒவ்வொரு வயலுக்கும் கல்லணையில இருந்து தனித்தனியா வாய்க்கால் வெட்ட முடியுமா? ஒரே வாய்க்கால், பல மடை. தண்ணீர் குறைவா இருந்தா முறை வைப்பாங்க.

பஸ்ஸும் அதேதான். பல கருவிகள் பகிர்ந்துக்கிற பொதுக் கம்பிகள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு, அது மடை. எப்போ யார் பேசலாம்னு ஒரு ஒழுங்கு உண்டு, அது முறை. முறையைப் பார்த்துக்கிற ஆள் கன்ட்ரோலர். ஒரே ஒரு வித்தியாசம்: வாய்க்கால் தண்ணீர் பிரிஞ்சா குறையும், பஸ்ல போற தகவல் எத்தனை பேர் கேட்டாலும் குறையாது.

தரநிலைங்கிறது இந்த ஒழுங்கை எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கிட்டு எழுதி வைப்பது. கனெக்டர் எந்த வடிவம், எத்தனை வோல்ட், யார் எப்போ பேசணும், என்ன கட்டளை அனுப்பணும் எல்லாமே அதில் அடங்கும்.

ஜிபிஐபி: பின்பக்கத்து 24 பின்

1960களின் கடைசியில் ஹியூலெட் பேக்கர்ட் தன் கருவிகளைக் கணினியோடு இணைக்க ஒரு பஸ்ஸை உருவாக்கியது. அதுதான் 1975ல் ஐஇஇஇ 488 என்ற தரநிலை ஆனது. நாம ஜிபிஐபின்னு சொல்றோம். 24 பின்னில் 16 மட்டும் சிக்னல் கம்பிகள்: தகவலுக்கு 8, நிர்வாகத்துக்கு 5, ஹேண்ட்ஷேக்குக்கு 3. ஒரு பஸ்ஸில் அதிகபட்சம் 15 கருவிகள், மொத்த கேபிள் 20 மீட்டர்.

அந்த மூணு ஹேண்ட்ஷேக் கம்பிகள்தான் இதோட அழகு. பேசுறவர் ‘தகவல் தயார்’னு ஒரு கம்பியில் சொல்வார். கேட்கிறவர்கள் ‘நான் இன்னும் தயாரில்லை’, ‘நான் இன்னும் வாங்கலை’ன்னு மத்த ரெண்டில் சொல்வார்கள். ஒருத்தர் தயாரில்லைன்னாலும் எல்லாரும் காத்திருக்கணும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த முறை! அதனால தகவல் தொலையாது. ஆனா வேகம் மெதுவான கருவியோட வேகம்தான். பழைய ஹேண்ட்ஷேக்கில் உச்சமே நொடிக்குச் சுமார் 1 மெகாபைட்.

‘இப்போ’ சொல்லவும் இதில் வழி இருக்கு. ஒரே கட்டளையில் பல கருவிகளை ஒண்ணா டிரிகர் பண்ணலாம். ஆனா கட்டளை கிடைச்ச பிறகு ஒவ்வொரு கருவியும் தன் வேகத்தில் புரிஞ்சுக்கிட்டு, தன் கடிகாரப்படி அளக்கும். எங்க லேப்ல நாங்க நாலு பேர் நின்ன மாதிரியேதான், ஆட்கள் மட்டும் சுறுசுறுப்பு.

பெட்டியைக் கழட்டினா: மாடுலர்

ரீடிங்கைக் கணினி எடுக்குதுன்னா ஒவ்வொரு கருவிக்கும் தனித் திரை, குமிழ், பவர் சப்ளை எதுக்கு? அளக்கும் அட்டையை மட்டும் வச்சுக்குவோம். பவர், குளிர்விக்கும் காற்று, பஸ் மூணையும் பொதுவா ஒரு கூண்டு கொடுக்கட்டும். இதுதான் மாடுலர் இன்ஸ்ட்ருமென்டேஷன். கூண்டின் பின்னால் எல்லா அட்டைகளும் சொருகும் பலகைக்குப் பேர் பேக்பிளேன்.

இதை முதல்ல பெரிய அளவில் செய்தவர்கள் அணு இயற்பியல்காரர்கள். ஐரோப்பிய ஆய்வகங்கள் சேர்ந்து 1969ல் கேமாக் தரநிலையை வெளியிட்டன. ஒரு கூண்டில் 25 இடங்கள், கடைசி இடம் கன்ட்ரோலருக்கு. எந்த இடம், அதில் எந்த உள்முகவரி, என்ன வேலை என மூணு எண் சொன்னா போதும். 24 பிட் தகவல் போகும், ஒரு சுற்றுக்கு 1 மைக்ரோசெகண்ட். அட்டைக்கு அவசரம்னா அதுவே ‘லுக் அட் மீ’ன்னு ஒரு கம்பியை இழுக்கும். ‘சார், இங்க பாருங்க’ன்னு கை தூக்குற மாதிரி.

டெல்லியில் உள்ள இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் நாடு முழுக்க இருந்து பல்கலைக்கழக மாணவர்கள் வந்து சோதனை செய்வார்கள். அங்கே கேமாக் கூண்டில் இருந்து தகவல் எடுக்க லினக்ஸில் ஓடும் ‘கேண்டில்’ என்ற மென்பொருளை அவர்களே எழுதினார்கள். தரநிலை திறந்த புத்தகமா இருந்ததால்தான் அது சாத்தியமாச்சு.

கல்பாக்கமும் விஎம்இயும்

1981ல் மோட்டரோலா, மோஸ்டெக், சிக்னெடிக்ஸ் மூணும் சேர்ந்து அறிவித்தது விஎம்இ பஸ். இது அடிப்படையில் கணினிக்கான பஸ். நம்ம ஊர் உதாரணம் கல்பாக்கம். 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கான கட்டுப்பாட்டுக் கணினிகளை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் விஎம்இ பஸ்ஸை வைத்து வடிவமைத்தது. பாதுகாப்புக்கு முக்கியமான இடங்களில் மூன்று கணினிகள், மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவு.

ஏன் விஎம்இ? நீங்களே யோசிங்க. உலை 40 வருஷம் ஓடணும்னு வடிவமைப்பு. உங்க போன் எத்தனை வருஷம் ஓடுது? சிப் மறைஞ்சு போகும், கம்பெனி மறைஞ்சு போகும். பேக்பிளேன் தரநிலைப்படி இருந்தா அட்டையை மட்டும் புதுசா செஞ்சு சொருகலாம்.

விஎக்ஸ்ஐ, பிஎக்ஸ்ஐ: ‘இப்போ’வுக்குத் தனிக் கம்பி

விஎம்இ கணினிக்காக வந்தது என்பதால் ‘எல்லாரும் இப்போ அளங்க’ன்னு சொல்லத் தனிக் கம்பிகள் அதில் இல்லை. 1987ல் ஐந்து கருவி நிறுவனங்கள் சேர்ந்து விஎம்இக்கு மேல் பொதுவான 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும் டிரிகர் கம்பிகளும் சேர்த்தார்கள். அதுதான் விஎக்ஸ்ஐ. அதே யோசனையை மலிவான பிசி தொழில்நுட்பத்துக்கு, அதாவது காம்பாக்ட் பிசிஐ பஸ்ஸுக்குக் கொண்டுவந்தது 1997ல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அறிமுகப்படுத்திய பிஎக்ஸ்ஐ.

வேகத்தைக் கணக்கு போடுவோம். 8 சேனல், ஒவ்வொன்றிலும் நொடிக்கு 1 லட்சம் சாம்பிள், சாம்பிளுக்கு 2 பைட். மொத்தம் நொடிக்கு 16 லட்சம் பைட், அதாவது 1.6 மெகாபைட். பழைய ஜிபிஐபியில் இது அடங்காது. பிஎக்ஸ்ஐயின் 32 பிட் பஸ் 33 மெகாஹெர்ட்ஸில் 4 பைட் வீதம் நொடிக்கு 132 மெகாபைட் வரை தரும். தாராளம்.

ஆனா வேகத்தைவிட முக்கியம் ஸ்டார் டிரிகர். ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருந்து மத்த இடங்களுக்குத் தனித்தனிக் கம்பிகள், எல்லாம் சம நீளத்தில். ஏன் சம நீளம்? சிக்னல் கம்பியில் ஒரு நானோசெகண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர்தான் போகும். ஒரு கம்பி 1 மீட்டர் நீளமா இருந்தா அந்த அட்டைக்கு ‘இப்போ’ 5 நானோசெகண்ட் லேட். 2005ல் வந்த பிஎக்ஸ்ஐ எக்ஸ்பிரஸ் இதோட 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும் சேர்த்தது.

கருவிகள் ஒரே கூண்டில் இல்லாம தூரதூரமா இருந்தா? அதுக்கு 2005ல் வந்த எல்எக்ஸ்ஐ. சாதாரண லேன் கேபிள் போதும். இதில் ‘இப்போ’ன்னு கத்த வேண்டாம். ஐஇஇஇ 1588 என்ற முறையை ஆதரிக்கும் கருவிகள் நெட்வொர்க் வழியா தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கும். அப்புறம் ‘10 மணி 5 நிமிஷத்துக்கு அளங்க’ன்னு முன்கூட்டியே சொல்லிடலாம்.

எதை எடுக்கிறது?

ப்ராஜெக்டுக்கு ரெண்டு மூணு கருவிதான், அவசரமில்லைன்னா ஜிபிஐபி, யூஎஸ்பி, லேன் எதுவும் ஓகே. பல சேனல் ஒரே நொடியில் வேணும்னா பிஎக்ஸ்ஐ. கருவிகள் தூரமா இருந்தா எல்எக்ஸ்ஐ. யூஎஸ்பியில் முடியுற வேலைக்கு பிஎக்ஸ்ஐ கூண்டு வாங்கினா காசுக்குத்தான் கேடு.

கத்துக்க கூண்டு வாங்க வேண்டாம். லேப்ல மீட்டர்களைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. எங்க லேப்ல ஸ்கிராப் லிஸ்டில் போகவிருந்த ஒரு பழைய ஹெச்பி மல்டிமீட்டரின் பின்னால் தூசியோட அந்த 24 பின் கனெக்டர் இருந்துச்சு. ஒரு யூஎஸ்பி-ஜிபிஐபி அடாப்டரைக் கடன் வாங்கி, பைவிசா என்ற பைத்தான் நூலகத்தை இன்ஸ்டால் பண்ணி, ‘நீ யார்?’னு கேட்கிற கட்டளையை அனுப்பினோம். நட்சத்திரக்குறி, ஐடிஎன், கேள்விக்குறி, அவ்வளவுதான். கம்பெனி பேர், மாடல் எண் எல்லாம் திரையில் வந்துச்சு. அந்தக் கருவித் தொழில் 1999ல் அஜிலென்ட் ஆச்சு, 2014ல் கீசைட் ஆச்சு. பேர் ரெண்டு தடவை மாறியும் பஸ் மாறலை. மீட்டர் இப்போ ஸ்கிராப் லிஸ்டில் இல்லை.

அந்த 104 சதவீதம்? லோடு டெஸ்ட்டைத் திரும்பப் பண்ணினோம். வாட்மீட்டர் முள் மீட்டர்தானே, அதில் ஏது பஸ். அதனால நாலு பேரும் போன் கேமராவை மீட்டர் முன்னாடி தயாரா வச்சோம். நான் ‘இப்போ!’ன்னதும் நாலு க்ளிக். எழுதுறதை அப்புறம் பொறுமையா எழுதினோம்.

எஃபிஷியன்சி 81 சதவீதம். சிவப்பு மை இல்லை.