நூலும் ஒரு கைவினையே

நூல் என்றதும் அதன் உட்பொருளையே நாம் எண்ணுகின்றோம். தாள், எழுத்து, மை, கட்டு ஆகியன அச்சுக்கூடத்தாரின் அலுவல் என விட்டுவிடுகின்றோம். ஆயின், நூலின் உயிரைப் போல அதன் உடலும் பேணத்தக்கதே எனக் கொண்ட அறிஞர் ஒருவர் நம் நாட்டிலே பிறந்தார். அவரே கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதாகிய எலிசபெத் அம்மையாருக்கும் மகனாக 1877இல் கொழும்பிற் பிறந்த அவர், இங்கிலாந்திலே வளர்ந்து புவிச்சரிதவியல் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். கல்லையும் கனியத்தையும் தேடிச் சென்றவர், கண்டி நாட்டுக் கிராமங்களிலே ஓவியரையும் பொற்கொல்லரையும் நெசவாளரையும் கண்டார். வழிவழி வந்த அவர்தம் தொழில்கள் ஆதரிப்பாரின்றி அருகி வருதலையும் கண்டார். அவ்வருத்தத்திற் பிறந்ததே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல்.

கைவினையின் பெருமை பேசும் நூலை விசைப்பொறியில் அச்சிடுவதா? அவர் உள்ளம் அதற்கு இசையவில்லை. இங்கிலாந்திலே புறோட் கம்டன் என்னும் சிற்றூரில் அவர் வாழ்ந்த இல்லத்திலேயே எசெக்ஸ் ஹவுஸ் அச்சகம் இயங்கியது. ஆங்கிருந்த கையச்சுப்பொறிக்கு ஒரு வரலாறு உண்டு. கவிஞரும் ஓவியருமாகிய வில்லியம் மொறிஸ், 1891இல் தாம் நிறுவிய கெல்ம்ஸ்கொற் அச்சகத்திலே, கவி சோசரின் படைப்புக்களை 87 சித்திரங்களுடன் 1896இல் வெளியிட்டார். அந்நூலை அச்சிட்ட பொறியே இது.

கையச்சு என்பது பொறுமையின் தொழில். எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, தாளை இட்டு, பிடியை இழுத்து அழுத்தவேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் இவ்வுழைப்பு வேண்டும். 1907 செப்டெம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசெம்பரில் முடிந்தது. ஏறத்தாழ 15 மாதங்களில் உருவான பிரதிகள் 425 மாத்திரமே. மொறிஸ் சோசர் நூலுக்குத் தாளில் அச்சிட்ட பிரதிகளும் 425 என்பது நினைவுகூரத்தக்கது.

இத்தகைய நூல் ஏழை மாணவன் கைக்கு எட்டுமா என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. கலை எல்லார்க்கும் உரியது என முழங்கிய மொறிசின் சோசர் நூல் அந்நாளில் 20 பவுண் விலை பெற்றது. குமாரசுவாமியின் நூலும் 1956இல் நியூயோர்க்கில் மறுபதிப்பான பின்னரே பலர் கைக்கு எட்டியது. ஆகவே, பொறியை நாம் பழிக்கவேண்டியதில்லை. அறிவைப் பரப்புதற்குப் பொறி வேண்டும். ஆயின், நூல் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைக் கையே பொறிக்குக் கற்பிக்கின்றது. சொல்வதொன்று செய்வதொன்று என்றில்லாமல், தாம் எழுதிய உண்மைக்குத் தம் நூலையே சான்றாக்கினார் அவர்.

நம் கல்லூரிகளிலே மாணவர் கையெழுத்துச் சஞ்சிகை நடத்திய வழக்கம் உண்டு. ஒரே ஒரு பிரதி, அழகிய எழுத்து, வண்ணம் தீட்டிய அட்டை, வகுப்பு முழுவதும் கைமாறிப் படிக்கப்படும். கைப்பேசித் திரையில் எழுத்துக்கள் நொடியில் தோன்றி மறையும் இந்நாளில், அவ்வழக்கத்தை வீடுகளிலும் வகுப்பறைகளிலும் மீண்டும் தொடங்கினால் என்ன? தன் கையால் ஒரு நூலை ஆக்கிய பிள்ளை, பிறர் ஆக்கிய நூலை ஒருநாளும் அலட்சியமாகத் தொடமாட்டான்.