வெளிச்சத்தில் ஒரு குடும்பம் – 9: முதுகு காட்டி நடந்த பிள்ளைகள்

1946-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வீட்டுக்கு அருகே இருந்த மரக்கூட்டத்துக்குள் இரண்டு பிள்ளைகள் நடந்து போகிறார்கள். அண்ணன் பேட், தங்கை ஹுவானிட்டா. பின்னாலேயே அப்பா, கையில் கேமராவோடு.

அந்த அப்பா யூஜின் ஸ்மித், ‘லைஃப்’ பத்திரிகைக்காகப் போர்முனைக்குப் போன புகைப்படக்காரர். முந்தைய ஆண்டு ஓகினாவாவில் குண்டுச் சிதறல்கள் அவருடைய முகத்தையும் இடக்கையையும் கிழித்திருந்தன. அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். கேமராவைத் தொடாமலே மாதங்கள் ஓடின. சொன்னபடி கேட்காத விரல்களோடு அன்றுதான் மறுபடி படமெடுக்க முயன்றார். பிள்ளைகளுக்கு அப்பாவின் நினைப்பே இல்லை. மரநிழலின் இருட்டைத் தாண்டி, வெயில் விழும் திறந்தவெளிக்குள் அவர்கள் காலெடுத்து வைத்த நேரத்தில் பட்டனை அழுத்தினார். எட்வர்ட் ஸ்டைக்கன் 1955-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடத்திய ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியில் 503 படங்கள் இருந்தன. அதை முடித்துவைத்தது இந்தப் படம்தான்.

அதில் ஒரு முகம்கூடத் தெரியாது.

நம் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் நடப்பது வேறு. “டேய், அங்கிளைப் பாரு!”, “ஆடாம நில்லு!”, “பல்லு தெரியச் சிரி!” அப்பா, அம்மா, பாட்டி என்று மூன்று பேரும் மூன்று பக்கமிருந்து கூவ, குழந்தை யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் விழிக்கும். இந்த ‘ஆடாம நில்லு’வுக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல். அந்தக் காலத் தகடுகளில் உருவம் பதியப் பல வினாடிகள் பிடித்தன. குழந்தை அசைந்தால் முகம் கலங்கிவிடும். அதனால் விக்டோரியா காலத்து ஸ்டுடியோக்களில் அம்மாவின் மேல் துணியைப் போர்த்தி, நாற்காலிபோல உட்காரவைத்து, அவள் மடியில் குழந்தையை இருத்திப் படமெடுத்தார்கள். பெற்றவள் துணிக்கடியில் மறைந்தே போனாள்.

1905-இலேயே அந்தக் கட்டாயம் தீர்ந்துவிட்டது. அந்த ஆண்டு பாரிஸில் லார்டீக் என்ற சிறுவன், படிக்கட்டிலிருந்து தாவிய உறவுக்காரப் பெண் அந்தரத்தில் இருக்கும்போதே படம் பிடித்துவிட்டான். இன்று கையிலிருக்கும் கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/500 வினாடிக்கு வைத்தால் ஓடுகிற குழந்தையும் தெளிவாகப் பதியும். கட்டாயம் போய்விட்டது, அதட்டல் மட்டும் இன்னும் போகவில்லை.

நல்ல அவுட்டோர் புகைப்படக்காரர்கள் வந்ததும் கேமராவை எடுப்பதில்லை. முதல் கால்மணி நேரம் பையிலேயே கிடக்கும். குழந்தை அவர்களை மறந்தபிறகுதான் வேலை தொடங்கும். நின்றபடி எடுத்தால் உச்சந்தலையும் தரையும்தான் விழும் என்பதால், மண்ணில் முழங்கால் போட்டுக் குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்குவார்கள். உச்சிவெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும். மரத்தடியிலும் ஆபத்து உண்டு: இலை இடுக்கில் ஒழுகும் வெயில் முகத்தில் தேமல்போல விழும். அடர்ந்த நிழலின் விளிம்பில், வானம் பார்த்த பக்கமாக நிறுத்தினால் ஒளி மிருதுவாகப் படியும்.

உடையில்தான் பெற்றோர் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். பட்டுப்பாவாடையின் ஜரிகை இடுப்பில் உறுத்தும்போது எந்தக் குழந்தை சிரிக்கும்? துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திச் சட்டை போதும். தூக்க நேரம், பசி நேரம் இரண்டையும் தவிர்த்தாக வேண்டும்.

‘போஸ் கொடு’ என்பதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்துப் பார்க்கலாம். “அப்பா கைக்குள்ள எத்தனை கிளிஞ்சல் பிடிக்கும், எண்ணிப் பாரு.” குழந்தை ஓடிப் பொறுக்கிக்கொண்டு வரும். அப்பா உள்ளங்கைகளைக் குவித்துக் குனிவார். ஈர மணல் ஒட்டிய சின்ன விரல்கள் ஒவ்வொன்றாகப் போடும். ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று எண்ணும். அம்மா சிரித்துக்கொண்டே, குழந்தையின் வாயில் பறந்து விழும் முடியை ஒதுக்கிவிடுவாள். மூவரில் ஒருவரும் லென்ஸைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் விரல் பட்டனில் இருக்க வேண்டும்.

(தொடரும்)