எடுத்த பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது யார்? சி மொழியும் நினைவகக் கணக்கும்

மன்னார் பேசாலைக் கரையில் ஒருவர் மீன் ஏற்றப் பத்துப் பெட்டிகளை இரவல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் திருப்பித் தராவிட்டால் அடுத்த படகுக்குப் பெட்டி இல்லை. திருப்பித் தந்த பிறகும் அதே பெட்டியில் மீனைக் கொட்டினால், அது வேறொருவரின் மீனோடு கலந்துவிடும். சி மொழியில் நிரல் எழுதுவோர் செய்யும் தவறுகளும் இப்படித்தான்.

வலையமைப்பிலிருந்து வரும் தரவைத் தற்காலிகமாகத் தாங்கும் இடமே பஃபர். சி மொழியில் அதற்கான இடத்தை ‘மலொக்’ மூலம் நாமே கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் ‘ஃப்ரீ’ மூலம் நாமே விடுவிக்க வேண்டும். விடுவிக்க மறந்தால் நினைவகம் கசியும். நாட்கணக்கில் ஓடும் சேர்வர் ஒருநாள் திணறி நின்றுவிடும். ஒரே இடத்தை இருமுறை விடுவித்தாலும் நிரல் குலையும்.

எல்லை தாண்டுவது இன்னும் ஆபத்தானது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை அப்படிப்பட்டது. கோரிக்கையில் சொல்லப்பட்ட நீளத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் சரிபார்க்காமல் நம்பியது. இதனால் ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை, அருகிலிருந்த நினைவகத் தரவு வெளியே போனது. கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் அதில் அகப்படக்கூடியவை.

இந்தச் சிக்கலைக் கையாண்ட நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. 2007இல் 1.0 பதிப்பு வெளியான அப்பாச்சி அக்சிஸ்2/சி என்ற திறந்த மூல மென்பொருளில் இலங்கைப் பொறியியலாளர்களின் பங்கு பெரியது. அதில் ஏறக்குறைய ஒவ்வொரு செயற்கூறும் ‘என்வ்’ என்ற சூழல் மாறியைப் பெறும். நினைவகத்தை வாங்குவதும் விடுவதும் அதற்குள் இருக்கும் ‘அலொகேட்டர்’ வழியாகவே நடக்கும். அப்பாச்சி சேர்வருக்குள் இயங்கும்போது, சேர்வரின் சொந்த நினைவகத் தொகுதியைப் பயன்படுத்த அலொகேட்டரை மட்டும் மாற்றினால் போதும். மற்ற நிரலைத் தொட வேண்டியதில்லை.

பஃபர் நிறைந்தால் ‘ரியலொக்’ கொண்டு பெருப்பிக்கலாம். ஆனால் விடையைப் பழைய சுட்டியிலேயே நேரே எழுதக்கூடாது. இடம் கிடைக்காவிட்டால் வெற்றுச் சுட்டியே வரும். பழைய இடத்தின் முகவரியும் தொலையும். முதலில் தற்காலிகச் சுட்டியில் வாங்கிச் சரிபார்த்த பின்னரே மாற்ற வேண்டும்.

மன்னாரில் கணினி படிக்கும் மாணவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ‘வால்கிரைண்ட்’ கருவியில் தம் நிரலை ஓட்டிப் பார்க்கலாம். கசிவு எங்கே தொடங்கியது என்பதை அது காட்டும். அதற்கு முன், ஒவ்வொரு பஃபருக்கும் ஒரு கேள்வியைக் கேட்டு விடையை நிரலிலேயே குறித்து வையுங்கள்: இதை விடுவிக்கும் பொறுப்பு யாருடையது?